ஸ்னோமொபைல் தடத்தில் நடக்கலாமா? ஒயிட் மவுண்டன் காட்டுப் பாதைகளைப் பற்றி

வாசகர் கேள்வி, டிசம்பர் 28

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒயிட் மவுண்டன் காட்டுக்குள் உள்ள பேர் நாட்ச் சாலையில் நேற்று குடும்பத்துடன் நடக்கப் போனோம். ஒரு மணி நேரத்துக்குள் நான்கைந்து முறை, பனியில் ஓடும் மோட்டார் வண்டிகளான ஸ்னோமொபைல்கள் கூட்டமாக வந்தன. ஒரு முறை மகளின் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுக்க வேண்டியதாயிற்று. அமைதியை நாடிக் காட்டுக்கு வருகிறவர்கள் நடக்கும் இடத்தில் இப்படிப்பட்ட வேக இயந்திரங்களை எதற்காக அனுமதிக்கிறார்கள்? நடப்பவர்களுக்குத் தனிப் பாதை கேட்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

டிசம்பர் 29

மறுப்பு இருக்கிறது. பேர் நாட்ச் சாலை கோடையில் கார்கள் ஓடும் சாலை. பார்ட்லெட் ஊரையும் கான்கமாகஸ் நெடுஞ்சாலையையும் இணைக்கும் அந்தச் சுமார் பதினான்கு கிலோமீட்டரில் குளிர்காலத்தில் பனியை அகற்றுவதில்லை. இரு முனைகளிலும் கார்களைத் தடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு அது ஸ்னோமொபைல் தடமாகிறது. வண்டிகளுக்காகச் சமன் செய்து பராமரிக்கப்படும் தடத்தில், நடப்பவர்களுக்கும் பனிச்சறுக்குக்காரர்களுக்கும் கட்டணமின்றி இடம் கிடைத்திருக்கிறது என்பதே அங்குள்ள நிலைமை. யார் யாருடைய இடத்துக்குள் வந்தார்கள் என்ற கேள்விக்கு உங்கள் வாக்கியம் தரும் விடை எனக்குச் சரியாகப் படவில்லை.

அமைதியைப் பற்றிச் சொன்னீர்கள். அதற்குச் சட்டமே இடம் ஒதுக்கியிருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குள் எந்த மோட்டார் வண்டியும் நுழையக் கூடாது. ஒயிட் மவுண்டன் தேசிய வனத்துக்குள் கிரேட் கல்ஃப், டிரை ரிவர், பெமிஜெவாசெட், சாண்ட்விச் மலைத்தொடர், வைல்ட் ரிவர் என்று அத்தகைய பகுதிகள் பல உள்ளன. பெமிஜெவாசெட் மட்டுமே ஏறத்தாழ 45,000 ஏக்கர். அங்கெல்லாம் ஜனவரியில் நடந்தால் காற்றின் ஓசையும் உங்கள் காலடி ஓசையும் தவிர வேறொன்றும் கேட்காது. ஆனால் அங்கே தடத்தை உங்கள் கால்களே அமுக்கிப் போட வேண்டும். சிறு குழந்தையோடு போக அது ஏற்ற இடமல்ல. பேர் நாட்ச் சாலையில் உங்கள் மகளால் நடக்க முடிந்ததற்குக் காரணம், அந்தப் பனியை ஓர் இயந்திரம் ஏற்கனவே அழுத்திக் கெட்டியாக்கி வைத்திருந்ததுதான்.

இருந்தாலும் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது என்ற செய்தியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

டிசம்பர் 30

வேகக் கணக்கு. நியூ ஹாம்ப்ஷயர் தடங்களில் வேறு பலகை இல்லாத இடத்தில் ஸ்னோமொபைலின் உச்சவரம்பு மணிக்கு 45 மைல், அதாவது ஏறத்தாழ 72 கிலோமீட்டர். ஒரு விநாடிக்கு 20 மீட்டர். ஓட்டுபவர் உங்களைக் கண்டு, விரல் பிரேக்கை எட்டுவதற்குள் ஒரு விநாடி கழிந்துவிட்டால் 20 மீட்டர் போயிற்று. வண்டி நிற்க வேண்டிய தூரம் அதற்கு மேல். வளைவுக்கு அப்பால் முப்பது மீட்டர்தான் தெரிகிறதென்றால் அங்கே 45 மைல் என்பது சட்டப்படி சரியாக இருந்தாலும் அறிவுப்படி சரியல்ல. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் அந்த இடத்தின் வேகம். இதைப் பொறுப்புள்ள ஓட்டுநர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஜனவரி 4

தடம் எப்படி உருவாகிறது என்பதை நடப்பவர்களில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. ஏனெனில் அந்த வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. நான் ஒரு முறை இருட்டத் தொடங்கிய வேளையில் கான்கமாகஸ் பக்கம் திரும்பி நடந்துகொண்டிருந்தபோது எதிரே மஞ்சள் விளக்கு சுழல்வது தெரிந்தது. குரூமர் என்று இவர்கள் சொல்லும் அந்த வண்டி ஒரு சிறு லாரி அளவு இருக்கும். சக்கரங்களுக்குப் பதிலாக அகலமான பட்டைத் தொடர்கள். பின்னால் நீளமான இரும்புச் சட்டம் ஒன்றை இழுத்து வந்தது. அந்தச் சட்டத்தைத்தான் இவர்கள் டிராக் என்கிறார்கள். அதன் முன்பகுதியில் குறுக்கே சாய்த்துப் பொருத்திய கத்திகள் பனியின் மேடுகளைச் சீவி எடுக்கின்றன. சீவிய பனி உள்ளே உருண்டு புரண்டு உடைகிறது. கடைசியில் ஒரு தட்டையான தகடு அதைப் பள்ளங்களில் நிரப்பி அழுத்திக்கொண்டே போகிறது. நான் ஓரத்தில் ஏறி நின்றேன். ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து, பின்னால் இன்னொரு வண்டி இல்லை என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு மணி நேரமாவது தடத்தின் நடுவில் நடக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. மேடுகள் ஏன் வருகின்றன என்றால், வண்டிகள் வேகம் கூட்டும்போதும் பிரேக் போடும்போதும் பட்டைத் தொடர் பனியைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஒரு சிறு மேடு உண்டானதும் அடுத்த வண்டி அதில் எழும்பி விழுந்து அடுத்த பள்ளத்தைத் தோண்டுகிறது. வார இறுதி முடிவதற்குள் தடம் முழுவதும் முழங்கால் உயர அலைகளாகிவிடும். குரூமர் அவற்றைச் சீவி உடைக்கும்போது பனித் துகள்கள் உதிரியாகின்றன. உதிரித் துகள்கள் ஒன்றோடொன்று தொடும் இடங்களில் மெல்ல ஒட்டி உறைந்து ஒரே பாளமாக வேண்டும். அதற்கு நேரமும் குளிரும் தேவை. இரவில் குளிர் அதிகம், போக்குவரத்துக் குறைவு. அதனால்தான் இரவு வேலை. இறுகுவதற்கு முன் யார் போனாலும், வண்டியாயினும் காலாயினும், அந்த உழைப்பு வீணாகிறது.

அன்று திரும்பும் வழியெல்லாம் ஓரத்தை ஒட்டியே நடந்தேன். பக்கத்தில் அந்த இரும்புச் சட்டம் விட்டுச் சென்ற வரிகள், சோளப் பொறி அளவுப் பனிக் கட்டிகள் நெருக்கமாகப் பதிந்த பரப்பாக, விளக்கொளியில் மின்னின. கையுறையைக் கழற்றி விரலால் அழுத்திப் பார்த்தபோது மாவாக உள்ளே போனது. கார் நிறுத்துமிடத்தை நெருங்கியபோது அதே பரப்பு விரலுக்குச் சற்றே எதிர்த்து நின்றது.

ஜனவரி 5

நேற்றைய குறிப்போடு இதையும் சேர்க்க வேண்டும். வெறும் பூட்ஸ் காலால் ஆழமாகக் குழி விழும்படி நடப்பதை வண்டிக்காரர்கள் எல்லோரும் குறை சொல்வதில்லை. குரூமர் அடுத்த முறை வரும்போது குழிகள் மறைந்துவிடும். பகலில் இளகிய பனியில் குழி விழுந்து, இரவில் அப்படியே உறைந்துபோனால்தான் தொல்லை. அப்போது குழிகள் கல் போலாகின்றன. பனிச்சறுக்குக்காரரின் கணுக்கால் அதில் சிக்கித் திருகிக்கொள்ளும். ஆகவே விதி சுருக்கமானது: கால் புதைந்தால் அகன்ற ஸ்னோஷூவைப் பூட்ஸின் அடியில் கட்டுங்கள், கெட்டியாக இருந்தால் பூட்ஸின் மேல் மாட்டும் சிறு இரும்பு முனைகளான மைக்ரோஸ்பைக் போதும். நியூயார்க்கின் அடிராண்டாக் மலைகளில் கிழக்கு ஹை பீக்ஸ் பகுதியில் எட்டு அங்குலத்துக்கு மேல் பனி இருந்தால் ஸ்னோஷூவோ சறுக்குப் பலகையோ கட்டாயம் என்று விதியே வைத்திருக்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் அதை நாமே விரும்பிக் கடைப்பிடிப்பது நல்லது.

ஜனவரி 12

மகளை இழுத்த சம்பவத்துக்கு வருகிறேன். தடத்தில் ஒருவர் அடிபடும் அளவுக்கு நிலைமை போவது பெரும்பாலும் மூன்று சூழ்நிலைகளில்தான் என்று என் அனுபவத்தில் நினைக்கிறேன்.

முதலாவது வளைவு. ஓட்டுபவர் தலைக்கவசத்துக்குள் இருக்கிறார், காலுக்கிடையே இயந்திரம் உறுமுகிறது. நீங்கள் கத்துவது அவருக்குக் கேட்காது. அவருக்குக் கண் மட்டும்தான் உண்டு. எனவே அவருடைய பார்வைக் கோட்டில் நீங்கள் எவ்வளவு தொலைவிலிருந்து இருக்கிறீர்கள் என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. காட்டின் நிறங்களான சாம்பல், பச்சை, பழுப்பு ஆடைகளைத் தவிருங்கள். வேட்டைக்காரர்கள் அணியும் ஆரஞ்சு மேலாடை மலிவானது. முதுகுப் பையின் மேல் மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவதைப் பலரும் அறிவதில்லை. வண்டி கடந்துபோனதும் அதன் பின்னால் மெல்லிய பனித்தூள் மேலெழுந்து காற்றில் நிற்கும். நல்ல குளிர் நாளில் அது பல விநாடிகள் கலையாது. முதல் வண்டி போய்விட்டது என்று நாம் தடத்துக்குள் காலெடுத்து வைக்கும் அதே கணத்தில் அந்த வெண்திரைக்குள்ளிருந்து இரண்டாவது வண்டி வெளிப்படும். இரண்டாமவருக்கும் நாம் தெரிவதில்லை. தூள் அடங்கித் தடம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் வரை ஓரத்திலேயே நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு இந்த ஒன்றைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள், ஏனெனில் முதல் வண்டியைப் பார்த்த உற்சாகத்தில் அவர்கள்தான் முதலில் இறங்குவார்கள்.

அந்த இரண்டாவது வண்டியை முன்கூட்டி அறிய ஒரு வழி உண்டு. குழுவாகப் போகிறவர்கள் எதிரே வருவோருக்குக் கையால் செய்தி சொல்கிறார்கள். இடது கையை உயர்த்தி விரல்களைக் காட்டினால் பின்னால் அத்தனை வண்டிகள் வருகின்றன என்று பொருள். மூடிய முஷ்டியைக் காட்டினால் தான்தான் கடைசி. இந்த வழக்கம் வண்டிக்காரர்கள் தமக்குள் வைத்துக்கொண்டதாயினும், நடப்பவர்களைக் கண்டாலும் பலர் காட்டுகிறார்கள். முஷ்டியைப் பார்க்கும் வரை தடம் உங்களுடையதல்ல. பார்த்ததும் பதிலுக்குக் கை உயர்த்துங்கள். பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, காதில் பாட்டுக் கேட்கும் கருவி. இதற்கு விளக்கம் தேவையில்லை. புதிய நான்கு ஸ்டிரோக் என்ஜின்கள் பழைய இரண்டு ஸ்டிரோக் வண்டிகளைவிட அமைதியானவை. புதுப் பனி போர்த்திய காடு ஒலியை விழுங்கிவிடும். காற்று உங்கள் முதுகிலிருந்து எதிரே வீசினால் எதிரில் வரும் வண்டி மிக அருகில் வந்த பிறகே கேட்கும். கம்பளித் தொப்பியைக்கூட ஒரு காதுக்கு மேலாக ஏற்றிவைத்துக்கொண்டு நடப்பது என் வழக்கம்.

ஜனவரி 13

ஓரம் என்றால் எந்த ஓரம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வண்டிகள் வலப்பக்கம் போக வேண்டியவை. ஆனால் வளைவுகளில் ஓட்டுபவர்கள் உட்பக்கத்தை ஒட்டிச் சுருக்கிச் செல்ல முனைவார்கள். ஆகையால் வளைவு நெருங்கும்போது வெளிப்பக்கத்துக்கு மாறுங்கள். அங்கிருந்து நீங்களும் அதிகத் தொலைவு பார்க்கலாம், அவரும் உங்களை முன்னரே பார்ப்பார். நேரான பகுதியில் எந்தப் பக்கமாயினும் எல்லோரும் ஒரே பக்கத்தில், ஒருவர் பின் ஒருவராக இருக்க வேண்டும். வண்டி ஒலி கேட்டதும் குடும்பத்தில் இருவர் இந்தப் பக்கமும் இருவர் அந்தப் பக்கமும் ஒதுங்கினால், நடுவில் ஓடும் குழந்தைதான் ஆபத்தில் சிக்கும். தடத்தின் விளிம்பில் பனி கெட்டியாக இருக்கிறதா, இடுப்பளவு புதையுமா என்பதையும் வண்டி வருவதற்கு முன்பே கவனித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

ஜனவரி 26

பணம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். நியூ ஹாம்ப்ஷயரில் ஸ்னோமொபைல் உரிமையாளர் ஆண்டுதோறும் வண்டியைப் பதிவு செய்கிறார். கிளப் உறுப்பினராக இருந்தால் கட்டணத்தில் சலுகை உண்டு. அந்தப் பதிவுப் பணத்தின் பெரும் பகுதி மாநிலத் தடங்கள் துறை வழியாகவும் மானியங்கள் வழியாகவும் தடங்களுக்கே திரும்புகிறது. மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கிளப்புகள் உள்ளன. பாலம் கட்டுவதும், விழுந்த மரங்களை அறுத்து அகற்றுவதும், குரூமர் ஓட்டுவதும் பெரும்பாலும் அவற்றின் உறுப்பினர்கள்தாம். பக்கத்து மாநிலமான வெர்மான்டில் 1967 முதல் இயங்கும் வாஸ்ட் என்ற மாநில அளவிலான சங்கமே அங்குள்ள தட வலையமைப்பு முழுவதையும் நடத்துகிறது. இரண்டு மாநிலங்களிலும் நடப்பவர்கள் இதற்கென்று ஒரு டாலர்கூடக் கொடுப்பதில்லை.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். நியூ ஹாம்ப்ஷயரில் மலையில் வழிதவறியவர்களையும் காயமுற்றவர்களையும் மீட்கும் பொறுப்பு மீன் மற்றும் வனவிலங்குத் துறையுடையது. அந்த மீட்பு நிதிக்கு ஒவ்வொரு ஸ்னோமொபைல் பதிவிலிருந்தும், படகுப் பதிவிலிருந்தும் ஒரு டாலர் போகிறது. மீட்கப்படுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோரோ மலை ஏறுபவர்கள். இந்த ஏற்றத்தாழ்வைச் சற்றேனும் சரிசெய்யவே 2015-இல், மலை ஏறுபவர்களும் பணம் கொடுத்து அந்த நிதிக்குப் பங்களிக்கும் ஹைக் சேஃப் அட்டையைத் தொடங்கினார்கள். தனி ஆளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர். அட்டை வாங்குவது கட்டாயமில்லை. நான் ஒவ்வோர் ஆண்டும் வாங்குகிறேன். இந்தப் பக்கம் மலைக்கு வரும் நம்மவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நில உரிமையாளர்களின் பங்குதான் இவற்றில் மிகப் பெரியது. தேசிய வனத்துக்கு வெளியே தடங்களின் பெரும்பகுதி தனியார் நிலத்தின் வழியே போகிறது. கட்டணம் வாங்காமல் தன் நிலத்தில் பிறரைப் பொழுதுபோக்குக்கு அனுமதிக்கும் உரிமையாளர், அங்கே நிகழும் சாதாரண விபத்துக்குப் பொறுப்பாளியாகமாட்டார் என்று நியூ ஹாம்ப்ஷயர் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அனுமதி என்பது அவருடைய விருப்பம். தடத்தை விட்டு விலகி யாரோ ஒருவர் இளங்கன்றுகள் நட்ட வயலில் வண்டி ஓட்டினாலோ, நடக்க வந்தவர் வாசல் வழியில் காரை நிறுத்தினாலோ, அடுத்த ஆண்டு அங்கே சங்கிலி தொங்கும். எனக்குத் தெரிந்த ஒரு சிற்றூரில் அப்படி ஒரு நிலம் மூடப்பட்டதால் தடத்தையே பல கிலோமீட்டர் சுற்றி மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு யார் காரணம் என்று வண்டிக்காரர்களும் நடப்பவர்களும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள்.

பிப்ரவரி 2

நான் ஒரு தரப்புக்காக மட்டும் வாதாடுகிறேன் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படியல்ல. நேற்று மாலை, ஒளி மங்கத் தொடங்கிய நேரத்தில், ஒரு பாலத்தின் மேல் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் வேகத்தைச் சிறிதும் குறைக்காமல் ஒரு கை தூரத்தில் பறந்து போனார். பாலத்தில் ஓரம் என்று ஒன்று இல்லை. மரக் கைப்பிடியோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். வண்டியின் பட்டைத் தொடரில் பதித்திருந்த இரும்பு முனைகள் பாலத்துப் பலகையில் கிறீச்சிட்ட ஓசை இப்போது எழுதும்போதும் உடம்பில் ஏறுகிறது. கிளப்புகளின் சொந்த நடத்தை விதிகளே நடப்பவருக்கு வழி விட வேண்டும், அருகில் மெதுவாகக் கடக்க வேண்டும் என்று சொல்கின்றன. அந்த மனிதர் தன் சகாக்கள் பல ஆண்டுகளாக உழைத்துச் சேர்த்த நல்லெண்ணத்தை ஒரு விநாடியில் செலவழித்தார்.

எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. ஆயினும் அவருக்குப் பின் வந்த இருவர் பாலத்துக்கு முன்பே நின்று, நான் கடந்து முடிக்கும் வரை காத்திருந்தார்கள் என்பதையும் பதிவு செய்வது என் கடமை.

பிப்ரவரி 9

முதல் கேள்வியின் இரண்டாம் பாதியான தனிப் பாதை பற்றி இந்த வாரம் முழுவதும் யோசித்தேன். ஒரே காட்டில் இரண்டு தனித்தனித் தடங்கள் வேண்டுமென்றால் மரங்களை வெட்ட வேண்டும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அடிராண்டாக் வழக்கு நல்ல பாடம்.

அடிராண்டாக் பூங்கா ஏறத்தாழ அறுபது லட்சம் ஏக்கர். அதில் மாநிலத்துக்குச் சொந்தமான காட்டை ‘என்றென்றும் காட்டு நிலமாகவே’ வைத்திருக்க வேண்டும், அதிலுள்ள மரங்களை விற்கவோ அகற்றவோ அழிக்கவோ கூடாது என்று நியூயார்க் மாநில அரசமைப்பில் 1894-இல் எழுதி வைத்தார்கள். ஊர்களை இணைக்கும் புதிய ஸ்னோமொபைல் தடங்களை மாநிலச் சுற்றுச்சூழல் துறை அங்கே அமைக்கத் தொடங்கியது. அகலம் 9 அடி, வளைவுகளில் 12 அடி. மொத்த நீளம் சுமார் 27 மைல். வெட்ட வேண்டியவை சிறு கன்றுகளையும் சேர்த்து ஏறத்தாழ 25,000 மரங்கள். புரொடெக்ட் தி அடிராண்டாக்ஸ் என்ற அமைப்பு 2013-இல் வழக்குத் தொடுத்தது. 2021 மே மாதத்தில் மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஒரு அங்குல விட்டமுள்ள கன்றையும் மரமாகக் கணக்கிடலாமா என்பதே வழக்கின் முக்கிய வாதங்களில் ஒன்றாக இருந்தது.

அந்தத் தீர்ப்பு சரியானது என்பது என் எண்ணம். ஸ்னோமொபைல் தடங்களை ஆதரித்து எழுதிவிட்டு இப்படிச் சொல்வது முரண்பாடாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய மரவெட்டுச் சாலைகளிலும், தண்டவாளம் அகற்றிய இரயில் பாதைகளிலும், குளிர்காலத்தில் மூடும் வாகனச் சாலைகளிலும் வண்டிகள் ஓடலாம். அந்தக் காயங்கள் காட்டில் ஏற்கனவே இருக்கின்றன. ஒயிட் மவுண்டன் காட்டில் மரவெட்டு இரயில்கள் ஓடிய காலத்தில் ஜீலண்ட் பள்ளத்தாக்கு 1886-இல் எரிந்து கரியானது. கிழக்கு மாநிலங்களில் தேசிய வனங்கள் உருவாக வழிசெய்த 1911-ஆம் ஆண்டின் வீக்ஸ் சட்டம் அந்த அழிவுகளைக் கண்டு பிறந்தது. இன்று நாம் கன்னிக் காடு என்று நினைத்து நடக்கும் பாதைகளில் பல, அந்த இரயில்களின் மண்மேடுகள்தாம். பழைய வடுவின் மேல் போவது ஒன்று, புதிதாகக் கீறுவது வேறொன்று. நடப்பவர்களுக்கென்று முழு நீளத்துக்கும் இணைத் தடம் வெட்டச் சொன்னாலும் இதே நியாயம்தான் பொருந்தும்.

பிப்ரவரி 10

புகையைப் பற்றிக் கேட்டவருக்கு: இரண்டு ஸ்டிரோக் என்ஜினில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது, காற்றில்லாத குளிர்ந்த காலைகளில் அந்த நீலப் புகை பள்ளங்களில் தேங்கி நிற்கும். 2000-களின் தொடக்கத்தில் எல்லோஸ்டோன் பூங்காவின் மேற்கு வாயிலில் பணிபுரிந்த காவலர்கள் சுவாச முகமூடி அணிய வேண்டிய நிலை இருந்தது. பிறகு அங்கே தூய்மையும் அமைதியும் கூடிய என்ஜின்களைக் கட்டாயமாக்கி, வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்ததால் நிலைமை வெகுவாக மாறியது. தேசிய வனத் தடங்களில் அவ்வளவு கடுமையான விதி கிடையாது; வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

பிப்ரவரி 23

ஜெஃபர்சன் நாட்ச் சாலைக்குப் போயிருந்தேன். கடல்மட்டத்திலிருந்து 3,009 அடி உயரம் வரை ஏறும் அந்தச் சாலையும் குளிர்காலத்தில் கார்களுக்கு மூடப்பட்டு ஸ்னோமொபைல்களுக்குத் திறக்கிறது. கோடையில் காரை மேலே நிறுத்தி, கேப்ஸ் ரிட்ஜ் பாதையில் ஜெஃபர்சன் சிகரத்துக்குச் சில மணி நேரத்தில் போய்வரலாம். குளிர்காலத்தில் சாலையை நடந்து கடக்கவே பாதி நாள் போய்விடும். அன்று எனக்குச் சிகரம் நோக்கமில்லை. தடத்தில் ஏற்கனவே யாரோ நடந்திருந்தார்கள். உள்ளங்கையைவிடப் பெரிய இரட்டைக் குளம்பு, ஆழமாக, ஓரம் ஓரமாக. மூஸ், மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது.

தளர்ந்த பனியில் நெஞ்சால் உழுதுகொண்டு போவதைவிட அழுத்திய தடத்தில் போவது மூஸுக்கும் எளிது. ஆகவே அது தடத்தை விட்டு இறங்க மறுக்கும். எதிரே கண்டால் வண்டிக்காரர் நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும், நடப்பவர் பின்வாங்கி மரங்களுக்குப் பின் நகர வேண்டும், விரட்டக் கூடாது. குளிர்காலத்தில் அது தன் கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவழித்து உயிர் பிழைக்கிறது. நம்மால் அது ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் அந்தச் சேமிப்பிலிருந்தே போகிறது. ஊசியிலை மரங்களின் அடியில் கூடிக் குளிர் தாங்கும் மான்களுக்கும் இதே கணக்குத்தான். நாயை அவிழ்த்துவிட்டு நடப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். மானை விரட்டும் நாய், வண்டியைவிட அதிகத் தீங்கு செய்யக்கூடும்.

அழுத்திய தடங்கள் கயோட்டி நாய்களுக்கும் வழி செய்து கொடுக்கின்றனவா என்பது ஆய்வாளர்களிடையே நெடுநாளாக இருக்கும் கேள்வி. ஆழ்ந்த பனியில் நடக்கத் தக்க அகன்ற பாதங்களுடைய லின்க்ஸ் பூனையின் வேட்டை நிலத்துக்குள், சிறிய பாதங்களுடைய கயோட்டி தடத்தின் வழியே எளிதாக நுழைந்துவிடும் என்ற அச்சம் அதன் அடிப்படை. மேற்கு மாநிலங்களில் நடந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஸ்னோஷூத் தடமும் பனியை அழுத்துகிறது என்பதால் இதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

மார்ச் 8

‘பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள்’ என்று ஒரு பின்னூட்டம். இன்றைய புது வண்டியின் விலையைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றும். ஆனால் இந்த வண்டி பிறந்தது விளையாட்டுக்காக அல்ல. இதே மலைகளின் தெற்கு விளிம்பில் உள்ள வெஸ்ட் ஆசிப்பி ஊரில் ஃபோர்டு கார் விற்பனையாளராக இருந்த விர்ஜில் வைட், மாடல் டி காரின் முன்சக்கரங்களுக்குப் பதில் சறுக்குக் கட்டைகளையும் பின்னால் பட்டைத் தொடரையும் பொருத்தும் கருவியை உருவாக்கினார். 1920-களில் அதை வாங்கியவர்களில் கிராமத்து மருத்துவர்களும் தபால்காரர்களும் இருந்தார்கள். எல்லைக்கு அப்பால் கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியேயின் மகன் 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனியால் சாலைகள் அடைபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் இறந்துபோனான். அந்தத் தந்தை சில ஆண்டுகளில் பனியில் ஓடும் பேருந்து போன்ற வண்டியைச் செய்து விற்கத் தொடங்கினார். ஒருவர் இருவர் ஏறும் சிறிய ஸ்கி-டூ 1959-இல்தான் வந்தது.

இன்றும் மலையடிவாரத்தில் கால் முறிந்து கிடப்பவரை, சாலை வரை பெரும்பாலும் ஸ்னோமொபைலில் கட்டிய சறுக்குப் படுக்கைதான் கொண்டுவருகிறது.

மார்ச் 22

தடம் இளகிவிட்டது. நண்பகலில் தெற்கு நோக்கிய சரிவுகளில் மண் தெரிகிறது. இந்த நேரத்தில் வண்டிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: பல வண்டிகளில் என்ஜினைக் குளிர்விக்கும் நீர், பட்டைத் தொடர் வாரியிறைக்கும் பனித் தூளால்தான் குளிர்கிறது, வெறும் பனிக்கட்டியிலும் மண்ணிலும் ஓடினால் என்ஜின் கொதித்துவிடும். ஆகவே ஓரத்து உதிரிப் பனியைத் தேடி அவர்கள் விளிம்புக்கு வருவார்கள். நாம் நிற்பதும் அதே விளிம்பில்தான். மார்ச் மாதத்தில் ஓரம் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். வெர்மான்டில் தடங்கள் ஏப்ரல் 15-க்கு மேல் திறந்திருப்பதே இல்லை. பனி போய்விட்டால் அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். சேற்றுக் காலத்தில் நம் பூட்ஸும் நிலத்தைப் பாழாக்கும்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, ‘அப்படியானால் நான் எதையுமே கேட்கக் கூடாதா?’ என்று எழுதியிருக்கிறார். கேட்க வேண்டும், கேட்பதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. கூட்டாட்சி நிலங்களில் மோட்டார் தடங்களை அமைக்கும்போது, பிற பயன்பாட்டாளர்களுடன் மோதல் மிகக் குறைவாக இருக்கும்படி அமைக்க வேண்டும் என்று 1972-இல் அதிபர் நிக்சன் ஆணை பிறப்பித்தார். வனத்துறை 2015-இல் கொண்டுவந்த விதியும் ஸ்னோமொபைல்கள் எங்கெங்கே போகலாம் என்று வரைபடத்தில் குறித்து அறிவிக்கச் சொல்கிறது.

ஆனால் பதினான்கு கிலோமீட்டருக்கும் தனிப் பாதை கேட்காதீர்கள். இந்தக் குளிர்காலம் முழுவதும் கவனித்ததில் எனக்குத் தெளிவானது இது: குழந்தைகளோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் கார் நிறுத்துமிடத்திலிருந்து முதல் ஒரு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. வண்டிகளை டிரெய்லரிலிருந்து இறக்குவதும், என்ஜினைச் சூடேற்றுவதும், குழு சேர்வதும் அதே இடத்தில். நெரிசல் முழுவதும் அங்கேதான். அந்த ஒரு கிலோமீட்டருக்கு மட்டும், மரம் வெட்டாமல், மரங்களுக்கிடையே வளைந்து போகும் ஒற்றையடி ஸ்னோஷூப் பாதை ஒன்றைக் குறியிட்டால் போதும். மிகக் குருடான வளைவுகளுக்கு முன்னால் நடப்பவர்கள் இருக்கிறார்கள் என்ற பலகையும் வேகக் குறைப்புப் பலகையும் வேண்டும். பாலத்தின் இரு முனைகளிலும் ஆள் ஒதுங்கி நிற்க ஓர் அகன்ற மேடை வேண்டும்.

இதை மாவட்ட வன அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதுங்கள். அதற்கு முன் உள்ளூர்க் கிளப்பின் கூட்டத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். பாலங்களையும் பலகைகளையும் கிளப்புகள் இலையுதிர் காலத்தில்தான் சரிசெய்கின்றன. செப்டம்பருக்குள் பேசினால் அடுத்த பனிக்குள் வேலை நடக்கும். இலை உதிர்ந்த பிறகு பாதை குறியிடும் நாளில் கைவாளும் கையுறையுமாக நானும் வருகிறேன் என்று எழுதிக்கொடுங்கள், கடிதத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.